தாத்தா தூக்கிய கை

பாலு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் உனக்கே சிரிப்பு வரும். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவன், அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஓ.டி. இருக்கிறது என்று பஸ்ஸில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்புகிறாய். அம்பத்தூரில் அந்தக் கம்பெனியே உன் ஒருவன் கையில்தான் ஓடுகிறது போலிருக்கிறது. உன் அப்பா அதை நம்புகிறார். நான் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளின் வயிற்றுவலியைப் பார்த்தவள் நான். எது நிஜமான வலி, எது அம்மாவின் மேல் கோபம் என்று எனக்குத் தெரியாதா?

கோபப்பட உனக்கு உரிமை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. "அந்த வூட்டுப் பொண்ணு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று கத்தியவள் நான்தான். "அவ இன்னாமா பண்ணா?" என்று நீ கேட்டபோது, பதில் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டியவளும் நான்தான். அந்தப் பதிலை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் வகுப்பு அறையில், உன் பழைய பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்பே எழுதியிருந்தால் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். இடையில் அந்தப் பதிலே மாறிப்போனதால் நீளமாகத்தான் வரும். ஷிஃப்ட் முடிந்து, சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாகப் படி.

குன்றத்தூருக்குக் கிளம்பிய அன்று காலையில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்குத் தெரியும். மலைக்கோயில் திருவிழாவில் பார்த்த பெண்ணை நீயே வந்து என்னிடம் சொன்னாயே, அதிலேயே எனக்குப் பாதி மனம் நிறைந்துவிட்டது. ஒளித்து வைக்காமல் சொன்னானே என்று. வசந்தி தட்டைக் கொண்டு வந்து வைத்தபோது மீதிப் பாதியும் நிறைந்தது. குனிந்த தலை நிமிராமல் நிற்கவில்லை. என்னைப் பார்த்து, "சொஜ்ஜியில சக்கர கொஞ்சம் தூக்கலாயிடுச்சி, அத்தே" என்று அவளே சொல்லிவிட்டாள். இவள்தான் என்று நான் மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டேன். மூலையில் சாய்வு நாற்காலியில் அவளுடைய தாத்தா உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு பழைய படம். காலில் பட்டி சுற்றி, சிவப்புத் தலைப்பாகை வைத்து, கழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு வாலிபப் போலீஸ்காரர். வெள்ளைக்காரன் காலத்துப் படம் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஊரில் அவரை ஏட்டய்யா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று அவள் அப்பா சொன்னார். நான் கும்பிட்டேன். பெரியவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"உனக்குப் பொறந்த ஊரு எதும்மா?"

"மணிமங்கலங்க."

"அங்க யாரு பொண்ணு?"

"கோவிந்தசாமி பொண்ணு. கதர்க்காரர்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்."

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அவரு சோத்தாங்கை இப்ப எப்டிம்மா கீது?"

என் அப்பாவின் கையைப் பற்றி மணிமங்கலத்தில் தெரியாதவர் கிடையாது. ஆனால் இப்போது எப்படி என்று கேட்க வேண்டுமென்றால், அப்போது எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "அடிச்சது நான்தாம்மா" என்றார். மென்று விழுங்கவில்லை, மழுப்பவில்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் எழுந்தேன். பூவைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பின்னாலேயே நீ ஓடி வந்தாய். உன் அப்பா என் பங்கு பஜ்ஜியையும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வந்து சேர்ந்தார். அதை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

அந்தக் கை எனக்கு என்ன என்று உனக்குத் தெரியாது, பாலு. நான் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். முழங்கைக்குக் கீழே எலும்பு உடைந்து, கட்டுப்போட்ட கையோடு ஜெயிலுக்குப் போய், அங்கேயே கோணலாகக் கூடிவிட்டது. தோளும் இறுகிப்போனது. நெஞ்சு உயரம்வரை வரும், அதற்கு மேல் வராது. சாப்பிடும்போது கை வாய்க்குப் போகாது, வாய்தான் கைக்கு வரும். குனிந்து குனிந்து சாப்பிடுவார். கதர்க்காரர்கள் எல்லாரும் ஜிப்பா போட்டபோது, தலைவழியே மாட்ட முடியாததால் அவர் மட்டும் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டார். எளிமை என்று ஊரே மெச்சியது. சைக்கிளில் என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு படப்பைப் பள்ளிக்கூடத்துக்கு இடது கையாலேயே ஓட்டிக்கொண்டு போவார். வலது கை சும்மா என் தோளில் இருக்கும். ஏரிக்கரைக் காற்றில் அவர் துண்டு என் முகத்தில் அடிக்கும். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டவர்களிடம், "சொதந்தரம் வரப்போவுது, இனிமே அந்தக் கேள்வி கேக்கக் கூடாது" என்பார். அந்தக் காலைகளை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது.

அந்தக் கை எப்படி உடைந்தது என்று எனக்குச் சொன்னது ஊர்தான், அவர் இல்லை. கள்ளுக்கடை வருமானமெல்லாம் வெள்ளைக்காரன் கஜானாவுக்குப் போன காலம். அதை மூட வேண்டும் என்று வாலிபர்கள் கடை வாசலில் மறியல் செய்தார்கள். கத்தக் கூடாது, கல்லெறியக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். போலீஸ் வந்து அடித்தது. அப்பாவுக்குக் கை உடைந்தது. நான் அப்போது என் அம்மா வயிற்றில். இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மீதியை நானே செய்துகொண்டேன். டீச்சர் ஆனதும் ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதையில் ஒரு வெள்ளைக்கார துரை வந்துவிட்டான். குதிரையும் வந்துவிட்டது. என் அப்பா கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பார், துரை அடிப்பான், அப்போதும் அசைய மாட்டார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். சட்டையில் குண்டூசியால் குத்திய காகிதக் கொடி, கையில் ஆரஞ்சு மிட்டாய், வாசலில் நான் விடியலிலேயே போட்ட மூவர்ணக் கோலம். ஐம்பதுகளில் அந்த நாளுக்கு இருந்த மணமே வேறு. எந்தத் தீபாவளியிலும் எனக்கு அது கிடைத்ததில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா? நீ மூன்றாம் வகுப்பில் இருந்தாய், இதே பெஞ்சில். வகுப்பில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நம் சட்டம். நான் கதையை முடித்ததும் நீ எழுந்து, "கையக் கட்டிகினு நின்னா கை எப்டி டீச்சர் ஒடையும்? தலதானே ஒடையணும்?" என்று கேட்டாய். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் உன் தலையில் ஒரு கொட்டு வைத்து உட்காரச் சொன்னேன். பின்வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த உன் தாத்தா எழுந்து வெளியே போனார். மற்ற வருஷங்களில் கதை பாதியில் இருக்கும்போதே எழுந்து போய்விடுவார், கிணற்றடியில் நின்று முகம் கழுவுவார். தன் பெருமையைத் தானே கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொடி ஏற்றச் சொன்னாலும் வர மாட்டார். "வேற யாராவது இழுங்கப்பா" என்று ஒதுங்கி நிற்பார். சுதந்திர வெள்ளி விழாவுக்குத் தியாகிகளைக் கௌரவிக்கிறார்கள் என்று கூப்பிட்டபோது, எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று திருப்பி அனுப்பினார். காலில் விழுந்து கும்பிடுகிறவர்களை வாயால்தான் வாழ்த்துவார். வலது கை துண்டுக்குள்ளேயே இருக்கும். என் கல்யாணத்தில்கூட அவர் கை என் தலைக்கு வரவில்லை. எல்லார் அட்சதையும் விழுந்தது, அப்பாவுடையது விழவில்லை. மணவறையில் உட்கார்ந்துகொண்டு நான் அவரையே பார்த்தேன். வலிக்கிறது போல என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனாலும் அந்தக் குறை எனக்கு இருந்தது. சமீபத்தில் கள்ளுக்கடைகளைத் திரும்பவும் திறந்தபோது, எனக்கு ஆத்திரமாக வந்தது. "நீங்க அடி வாங்கினதெல்லாம் வீணாப்போச்சேப்பா" என்று அவரிடம் கத்தினேன். "அடி வாங்கினவங்க வேற ஆளுங்கம்மா" என்றார். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய டீச்சர் பார் நான்.

சரி, குன்றத்தூருக்குத் திரும்பி வருகிறேன். நீ போன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மணிமங்கலத்துக்குப் போனேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவரும் என்னோடு சேர்ந்து கொதிப்பார், கல்யாணப் பேச்சை விட்டுவிடு என்று சொல்வார், அதை வைத்து உன் வாயை அடைத்துவிடலாம் என்பது என் கணக்கு. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஆறுமுகமா? உயிரோட கீறாரா?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஓர் ஆவல்.

"பேரு கூடத் தெரியுமா உங்களுக்கு?"

"ஆஸ்பத்திரியில எனக்குக் காவலுக்கு அவரத்தாம்மா போட்டாங்க. பக்கத்துலயே முக்காலி போட்டு உக்காந்துகினு இருப்பாரு. ஒரு வார்த்த பேசிக்கல. அவரும் பேசல, நானும் பேசல." கொஞ்ச நேரம் மாட்டைத் தடவிக்கொடுத்தார். "என்ன அங்க கூட்டிகினு போம்மா. அவர ஒண்ணு கேக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரல்லவா இங்கே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், நாம் எதற்கு அந்தப் படியேற வேண்டும் என்று கேட்டேன். அப்பா உள்ளே போய், வெளுத்த சட்டையை எடுத்து, பொத்தான் போட்டுவிடச் சொல்லி என் முன்னால் வந்து நின்றார். அப்படி நிற்கிற மனிதரிடம் என்ன சண்டை போட முடியும்? போட்டுவிட்டேன்.

சோமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று, "நான் கையத் தூக்கிட்டேன்மா" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். மறியலுக்கு முன்னால் மாந்தோப்பில் வைத்து அவர்களைப் பழக்கினார்களாம். ஒருவன் கழியை எடுத்து வீசுவான், எதிரில் நிற்கிறவன் இமைக்கக் கூடாது. எல்லாரும் சத்தியம் செய்தார்களாம். "கை மேல வரக்கூடாது. அடிக்கறதுக்கும் வரக்கூடாது, தடுக்கறதுக்கும் வரக்கூடாது. தடுத்தாலே நாம பயந்துட்டோம்னு ஆயிடும். எங்க வரிசையில எல்லாரும் அப்டியே நின்னாங்கம்மா. எதிராஜு எனக்குப் பக்கத்துல. மண்டையில வாங்கினான். கட்டின கை கட்டினபடியே வுழுந்தான். பொழச்சிக்கினான், அது வேற. என் மொறை வந்தப்போ என் கை மேல போயிட்ச்சி. நான் ஒருத்தன்தான். ஜெயில்ல அவங்க யாரும் ஒரு வார்த்த சொல்லல. ஆனா அவங்களோட ஒக்காந்து சாப்டவே எனக்குக் கூசும்."

நான் சொன்ன கதைகள் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. குதிரை, துரை, அசையாமல் நின்ற அப்பா. ஒவ்வொரு வருஷமும் அவரை முன்னால் வைத்துக்கொண்டு அவருக்கே அதைச் சொல்லியிருக்கிறேன். கிணற்றடியில் அவர் முகம் கழுவியது எதற்கு என்று அந்த பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "இதுகூட எனக்கு ஆறிப்போயிருக்கும். ஒண்ணுதான் ஆறல. தடுக்கத் தூக்கினேனா, திருப்பி அடிக்கத் தூக்கினேனா? எனக்கே தெரியலம்மா. அன்னிக்கு எனக்கு அவ்ளோ கோவம். எதிர்ல நின்னு பாத்தவரு அவரு ஒருத்தருதான். அவரக் கேட்டாத்தான் தெரியும்" என்றார்.

வீட்டு வாசலில் எங்களைப் பார்த்ததும் வசந்தியின் அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஏட்டய்யா நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார். "நீங்க உக்காருங்க" என்றார் அப்பா. "நீங்க மொதல்ல உக்காருங்க" என்றார் அவர். இரண்டு பேரும் உட்கார மறுத்து நின்றதில், கடைசியில் நான் டீச்சர் குரலில் "ரெண்டு பேரும் உக்காருங்க" என்று அதட்ட வேண்டியதாகிவிட்டது. உட்கார்ந்தார்கள். அப்பா சுற்றி வளைக்கவில்லை. நலம்கூட விசாரிக்கவில்லை. "அன்னிக்கு நான் கையத் தூக்கினேனே, அது அடிக்கறதுக்கா, தடுக்கறதுக்கா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைத் தாளை நான் திருத்தித் தரும்போது பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

ஏட்டய்யா என்னைப் பார்த்துச் சொன்னார். "உன் அப்பாருக்கு அப்புறமா சொல்றேன், மொதல்ல நீ கேளும்மா. நீதான் கோவமாப் போனே. ஆர்டருன்னு சொல்லி நான் தப்பிச்சிக்கலாம். எனக்கு வந்த ஆர்டரு முட்டிக்குக் கீழ அடி, அவ்ளோதான். தலைக்கு ஓங்கச் சொல்லி எந்த தொரையும் சொல்லல. நானாத்தான் ஓங்கினேன்."

"ஏன்?" என்றேன்.

"அடிச்சா ஓடணும். இல்லாங்காட்டி திருப்பி அடிக்கணும். ரெண்டும் இல்லாம மூஞ்சியப் பாத்துகினு நின்னா அடிக்கறவன் இன்னாம்மா பண்ணுவான்? என்னிய ஒரு மனுசனாவே மதிக்கலன்னு தோணிச்சி. ஆத்திரம் தலைக்கேறிடுச்சி." அப்புறம் அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்க கேட்டதுக்கு எனக்கு பதில் தெரியாதுங்க. அடிக்கவா, தடுக்கவா, அதெல்லாம் நான் பாக்கல. நான் பாத்தது வேற. கழி பாதி வழியில வரப்பவே எனக்குத் தெரிஞ்சிப்போச்சி, இது வுழுந்தா ஆளு இருக்க மாட்டான்னு. தெரிஞ்சும் என் கை நிக்கல. அப்பதான் உங்க கை குறுக்க வந்துது. எலும்பு ஒடையற சத்தம் கேட்டுது. எனக்குப் போன உசுரு வந்துது. என் பொண்டாட்டி அப்ப முழுகாம இருந்தா. இதோ நிக்கறானே, இவன்தான் வயித்துல. நீங்க கையத் தூக்கலேன்னா இவன் கொலகாரன் மவன். ஆஸ்பத்திரியில உங்க பக்கத்துல உக்காந்துகினு இதத்தான் சொல்லணும்னு பாத்தேன். பேசக் கூடாதுன்னு ரூலு. அப்புறம் பேச தைரியம் இல்ல."

வசந்தியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அது புதுச் செய்தி என்று தெரிந்தது. அவர் அம்மா வயிற்றில் அவர், என் அம்மா வயிற்றில் நான். அந்தக் கழி இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தால் நான் அப்பா முகத்தையே பார்த்திருக்க மாட்டேன். ஏரிக்கரைச் சைக்கிள் இல்லை, படிப்பு இல்லை, நீ இல்லை.

"அப்போ, தூக்கினது சரிதான்றீங்க" என்றார் அப்பா.

"உங்க சத்தியத்துக்குச் சரியா, தப்பா, எனக்குத் தெரியாது. எனக்குச் சரி."

அப்பா சிரித்தார், பாலு. முதலில் உதடு கோணியது, அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது கையைத் துண்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்து முழங்கால் மேல் வைத்தார். ஏட்டய்யா எழுந்து வந்து, எலும்பு கோணலாகக் கூடிய இடத்தைக் குனிந்து பார்த்தார். தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டார். "குளிருக்கு வலிக்குதா?" என்று கேட்டார். "மார்கழியில கொஞ்சம்" என்றார் அப்பா. இரண்டு கிழவர்களும் கைவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒருத்திதான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

வசந்தி தட்டில் ஏதோ கொண்டு வந்தாள். அப்பா வழக்கம்போல் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய் உயரமான ஒரு முக்காலியை எடுத்து வந்து, அவர் தட்டை அதன்மேல் நெஞ்சுக்கு நேராக வைத்துவிட்டுப் போனாள். யாரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அப்பா குனியாமல் சாப்பிட்டார். நாங்கள் எல்லாரும் அந்தக் கையைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம், கண்ணீர் விட்டிருக்கிறோம், மேடையில் ஏற்றியிருக்கிறோம். தட்டை உயர்த்தி வைக்க எங்கள் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவந்த சொஜ்ஜியை நான் இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இந்தத் தடவை சர்க்கரை சரியாக இருந்தது.

ஏட்டய்யாமேல் எனக்குக் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், முழுசாகப் போகவில்லை. அவர் கையைப் பார்க்கும்போது உள்ளே ஏதோ சுருக்கென்கிறது. அது என்னோடு இருக்கட்டும். அவர் பேத்தியிடம் அதை நான் காட்ட மாட்டேன். அது மட்டும் உறுதி. வருகிற சுதந்திர தினத்தில் குதிரையையும் துரையையும் வெளியே அனுப்பிவிட்டு, நடந்தது நடந்தபடி சொல்லப்போகிறேன். நாட்டுக்காக நின்றவர்கள் பயமே இல்லாதவர்கள் என்று சொல்லிச் சொல்லி, பயந்த ஒருவரை வீட்டிலேயே தனியாக விட்டுவிட்டோம். அடித்தவனும் பக்கத்து ஊர்க்காரன்தான் என்று சொன்னால் பிள்ளைகள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். இந்த முறை யார் தலையிலும் கொட்ட மாட்டேன். உன் தலையில் வைத்த கொட்டுக்கு இந்தக் கடிதத்தைப் பதிலாக வைத்துக்கொள். நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி.

அம்மாவாகவும் ஒன்று சொல்ல வேண்டும், கேட்டுக்கொள். கல்யாணம் ஆனால் சண்டை வரும், வராத வீடு கிடையாது. அப்போது கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்காதே. உன் அப்பா அப்படித்தான் நிற்பார். ஏட்டய்யாவுக்கு அன்று வந்த ஆத்திரம் என்னவென்று எனக்கு நன்றாகவே புரிகிறது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டு ஓ.டி. என்று சொல்லி அனுப்புவதும் அதே ரகம்தான். ஏதாவது பேசு. தப்பாகப் பேசினாலும் பேசு. அந்த இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் விட்டதை வாழ்நாள் முழுக்க இரண்டு பேருமே சுமந்தார்கள்.

தேதி குறிக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக வந்து சேர். நேற்று மணிமங்கலம் போயிருந்தேன். அப்பா கண்ணாடி முன்னால் நின்று வலது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு இறக்கிவிட்டார். எதற்கு என்று கேட்டேன். "பேரன் கல்யாணத்துல அட்சதை போடணுமே. எவ்ளோ ஒசரம் வருதுன்னு பாக்கறேன்" என்றார். நெஞ்சுக்கு மேல் கொஞ்சம் வருகிறது, பாலு. அவ்வளவுதான் வரும். நீ வேறு பனைமரம் மாதிரி வளர்ந்து நிற்கிறாய். அவர் உன் பக்கத்தில் வந்து கையைத் தூக்கும்போது, நீ தலையை நன்றாகத் தாழ்த்திக்கொடு.

உன் அம்மா